மேலிருந்து பார்த்தால் பச்சை

வன்னியில் கைபேசி எனக்குச் சொல்லித் தந்த முதல் வீதிப்பெயர் ‘பெயரில்லாத சாலை’. இரண்டாவது வீதிக்கும் அதே பெயர்தான். மூன்றாவது வீதியின் பெயர் அதற்குத் தெரிந்திருந்தது. அது ஒரு இராணுவ முகாமின் வாசலில் போய் முடிந்தது.

டென்மார்க்கில் நான் பேருந்துகளுக்கு நேர அட்டவணை தயாரிக்கிறேன். அங்கே இரண்டு பசுக்களும் ஒரு கொட்டிலும் மட்டும் உள்ள ஒழுங்கைக்கும் பெயர்ப்பலகை நிற்கும், அந்தப் பெயர் கைபேசிக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கத்தில், இந்தப் பயணத்தில் காரை நானே ஓட்டுவது, வழியைக் கைபேசியிடம் கேட்பது என்று புறப்படும் முன்பே முடிவு செய்திருந்தேன்.

வந்த அலுவல் அக்காவின் அலுவல். கனகராயன்குளத்திலிருந்து உள்ளே போகும் ஒரு குடியேற்றத்திட்டக் கிராமத்தில் யோகமக்காவுக்கு மேட்டுக்காணி இருக்கிறது. வீடும் கிணறும் தோட்டமுமாக இருந்த காணி. கிணற்றை அத்தான் தன் கையால் வெட்டினார். சண்டையின் கடைசி மாதங்களில் அத்தான் ஷெல் பட்டு இறந்தார். அக்கா மகளோடு முகாமுக்குப் போனார். முகாமிலிருந்து வெளியே விட்டபோது காணிக்குள் காடு வந்திருந்தது. காட்டுக்குப் பின்னால் வனத் திணைக்களம் வந்தது. இது காடு, இங்கே மரம் வெட்டுவது தண்டனைக்குரிய குற்றம் என்று ஒரு பலகை வைத்துவிட்டுப் போனார்கள். அன்று தொடங்கி அக்கா புதுக்குடியிருப்பில் மகளின் வீட்டில் இருக்கிறார். சரியாகச் சொன்னால் மருமகனின் வீட்டில். மின்விசிறியைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டிய வீடு.

புதன்கிழமை காலை அதிகாரிகள் வந்து காணியைப் பார்ப்பார்கள் என்று கிராம அலுவலர் மூலம் செய்தி வந்திருந்தது. உரிமை கோருபவர் காணியில் நிற்க வேண்டும். குடியிருந்த காணி என்று அவர்களுக்குத் திருப்தியானால் விடுவிப்பார்கள். முன்பு ஒருமுறை இப்படி வந்தபோது பேருந்து கிடைக்காமல் அக்கா பிந்திப் போனார். அவர்கள் வந்து பார்த்து, ஆளைக் காணாமல் திரும்பிவிட்டார்கள். இந்தமுறை பிந்தக் கூடாது. நான் வந்தது அதற்குத்தான்.

திங்கட்கிழமை வவுனியாவில் வாடகைக்குக் கார் எடுத்தேன். கார்க்காரர் என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓட்டுவது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். யானைக்கு ஹோர்ன் அடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லித் திறப்பைத் தந்தார். காரில் ஏற்கெனவே ஒரு வழிகாட்டித் திரை இருந்தது. அது யப்பானிய மொழியில் பேசியது. தான் இன்னும் யப்பானில் ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்பதாக நம்பிக்கொண்டிருந்தது. வன்னிக்கு வந்து பல வருடங்களான பிறகும் அந்தத் திரையில் கடல் நீலமாக அசைந்தது. என் சொந்தக் கைபேசியோ கொழும்பில் இறங்கிய அன்றே மின்னேற மறுத்துவிட்டது. கடைத்தெருவில் இருந்ததில் மலிவான ஒன்றை வாங்கினேன்.

விற்ற பிள்ளை நேர்மையானவள். என்ன தேவைக்கு என்று கேட்டாள். காரில் வழி பார்க்க என்றேன்.

“இதிலை திசை காட்டுற சாமான் இல்லை அங்கிள். நிண்டுகொண்டு கேட்டால் பிழையாத்தான் சொல்லும். ஓடிக்கொண்டு கேளுங்கோ, சரியாச் சொல்லும்.”

காட்டுக்குள்ளும் எடுக்கும் என்று ஒரு சிம்மைத் தெரிந்து போட்டுத் தந்தாள். ‘அங்கிள்’ என்றது அன்று முழுவதும் உறுத்தியது. அவள் சொன்னது உண்மைதான் என்பது மறுநாள் தெரிந்தது. சந்தியில் நிறுத்திக் கேட்டால் அம்புக்குறி தன்பாட்டுக்குச் சுழன்று, வந்த வழியையே காட்டும். கொஞ்சத் தூரம் பிழையாகப் போனால்தான் பிழையாகப் போகிறோம் என்று அதற்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை புதுக்குடியிருப்புக்குப் புறப்பட்டேன். கைபேசியைக் குளிர்காற்று வரும் துவாரத்தில் இறப்பர் வளையங்களால் கட்டியிருந்தேன். புளியங்குளம் வரை பிரச்சினை இல்லை. நெடுங்கேணிப் பக்கம் திரும்பிய பிறகு, அதற்குள் இருந்த பெண்குரல் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தது. இந்தியத் தமிழ். மிகவும் மரியாதையான குரல். வலப்புறம் திரும்பவும், நேராகச் செல்லவும், தொடர்ந்து நேராகச் செல்லவும். நான் தொடர்ந்து நேராகச் சென்றேன். வீதி ஒடுங்கியது, உயர்ந்தது. இருபுறமும் பார்த்தேன். இடப்பக்கம் வயல் கீழே கிடந்தது. வலப்பக்கம் தண்ணீர். நான் குளக்கட்டின் மேல் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மேலே இருந்து படம் எடுக்கும் செய்மதிக்குக் குளக்கட்டு நேரான, நீளமான, அழகான வீதியாகத்தான் தெரிந்திருக்கும்.

எதிரே சைக்கிளில் வந்த கமக்காரர் இறங்கி நின்றார். எனக்கு வழி விடவில்லை. விட இடமும் இல்லை.

“போனைப் பார்த்து வந்தனீங்களோ?”

ஓம் என்றேன்.

“போன மாதமும் ஒருத்தர் உப்பிடித்தான் வந்தவர். அவர் குளத்துக்கை இறங்கிக் குளிச்சிட்டுத்தான் போனவர். நீங்கள் பின்னாலை எடுங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்.”

சைக்கிளைக் கட்டோரம் சாய்த்துவிட்டு, காருக்கு முன்னால் நடந்தபடி, கையைக் காட்டிக் காட்டி என்னைப் பின்னோக்கி நகர்த்தினார். இடையில் இரண்டு தடவை நிறுத்தி, எந்த நாடு, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். அந்த நேரம் முழுவதும் பெண்குரல், நேராகச் செல்லவும், நேராகச் செல்லவும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. குளக்கட்டிலிருந்து இறங்கியதும் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வீதியோரத்தில் ஒரு பெண் கோப்பையால் அளந்து பாலைப்பழம் விற்றாள். வாங்கித் தின்றேன். பழத்தின் பால் உதட்டில் ஒட்டிப் பிசுபிசுத்து, புதுக்குடியிருப்புவரை போகவில்லை.

அக்கா வாசலில் நின்றார். மதியம் சோறும் திருக்கை வறையும் கத்தரிக்காய்க் குழம்பும். சாப்பாடு அருமை. ஆனால் அக்கா சமைத்த குசினியில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று மகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தார். பதினான்கு வயதில் எங்கள் வீட்டுக் குசினியை ஆண்ட ஆள். மருமகன் நல்லவர்தான். கதிரையை இழுத்துப் போட்டு, மாமிக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்றார். அக்காவும் ஒரு குறையும் இல்லை என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தே சொன்னார்கள்.

பின்னேரம் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனோம். வழியில் முள்ளிவாய்க்கால். கைபேசி அந்த இடத்தில் ஒரு கடற்கரைக் காட்சித்தலத்தைக் குறித்திருந்தது. வந்து போனவர்கள் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அமைதியான இடம், கூட்டம் இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அத்தானை அந்த மணலில்தான் விட்டுவிட்டு வந்தார்.

தேநீர்க்கடையில் தெற்கிலிருந்து வான் ஒன்றில் வந்த குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. மனைவி கணவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவன் கைபேசியைப் பார்த்துப் பதில் சொன்னான். எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கும். முகாமில் தண்ணீர் வரிசையிலும் சாப்பாட்டு வரிசையிலும் நின்று படித்த சிங்களம்.

“இங்கை பாக்க என்ன இருக்கு எண்டு போனிலை பாருங்கோ எண்டு அவள் கேக்கிறாள். கடல் மட்டும்தான் இருக்கு எண்டு அவன் சொல்லுறான்.” தேநீரை ஒரு மிடறு குடித்தார். “பிழை சொல்லேல்லை.”

அன்று மாலை அக்கா கேட்டபடி, கைபேசியின் செய்மதிப் படத்தில் காணியைத் தேடிக் காட்டினேன். பக்கத்துக் காணிக்காரர் துரையின் தகரக்கூரை ஒரு வெள்ளிப் பொட்டாக மின்னியது. அதை வைத்து அக்கா தன் காணியைக் கண்டுபிடித்தார். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கிணறு தெரியவில்லை. மரங்களுக்குக் கீழே இருக்கும் என்றார். கைபேசியை என்னிடம் தராமல் வெகுநேரம் வைத்திருந்தார்.

புதன்கிழமை விடியவே புறப்பட்டோம். அக்கா நெத்தலிப் பொரியலும் சோறும் கட்டி எடுத்திருந்தார். அதிகாரிகளுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறார் என்பது பொதியின் பருமனைப் பார்த்தபோது தெரிந்தது. மாங்குளம் போவதற்குள் வெயில் ஏறி, கைபேசி சூடாகிவிட்டதாக அறிவித்துத் திரையை இருட்டாக்கியது. அக்கா போத்தல் தண்ணீரில் கைலேஞ்சியை நனைத்து, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போடுவது போல அதன் முதுகில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சத்தில் கண் விழித்தது.

கனகராயன்குளத்தில் பெருவீதியை விட்டு இறங்கிய பிறகு இரண்டு வழிகாட்டிகள் ஆனார்கள். கைபேசிக்கு இப்போது இருப்பவை மட்டும் தெரிந்திருந்தன. அக்காவுக்கு முன்பு இருந்தவை மட்டும் தெரிந்திருந்தன.

“சங்கக் கடையடியிலை திரும்பு.”

“சங்கக் கடை எங்கை அக்கா?”

“அது இல்லை. அதிலை திரும்பு.”

பெயரில்லாத சாலையில் இடப்புறம் திரும்பவும் என்றது குரல். அக்கா மடியைக் குனிந்து பார்த்தார். “பெயரில்லாத றோட்டோ? இது அம்மன் கோயிலடி றோட்டு. எழுதி வை பிள்ளை.” ஆனால் அன்று அந்தக் குரல் ஒரு தடவைகூடப் பிழைவிடவில்லை. புதிதாகப் போட்ட மதகு, மூடிய பழைய வழி எல்லாம் தெரிந்து சொன்னது. கிராமத்துக்குள் நுழையும்போது அக்கா, “இண்டைக்கு அவா நல்லாத்தான் சொல்லுறா,” என்று அதற்கு மரியாதையும் கொடுத்துவிட்டார். அதிகாரிகள் வரும் முன்பே காணியடியில் நின்றோம். எனக்குப் பெருமையாக இருந்தது. அட்டவணைக்காரனுக்கு நேரத்துக்கு வந்து சேர்வதைவிட வேறு என்ன வேண்டும்.

காணியை அப்போதுதான் நேரில் பார்த்தேன். வேலியில்லை. வீதியோரத்திலேயே பலகை. பலகைக்குப் பின்னால் சூரைமுள்ளும் காரைமுள்ளும் பின்னிக்கொண்டு ஒரு சுவர். அதற்குப் பின்னால் மரங்கள். அக்கா அந்தப் பலகைக்குக் கீழ்ப்படிந்தவர். இத்தனை வருடமும் ஒரு கொப்பு முறித்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். ‘வெட்டாதே’ என்று எழுதியிருந்தால் வெட்டமாட்டோம். அனுமதி கேட்டு எழுதுவோம், பதிலுக்குக் காத்திருப்போம். வலப்பக்கத்துத் துரையும் அக்கா வந்த அதே நாளில் திரும்பி வந்தவர். அவர் காணிக்கும் அதே பலகை வைத்தார்கள். அவர் அதைப் பிடுங்கிக் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டார். காட்டை வெட்டினார், வீடு போட்டார், மரவள்ளியும் கச்சானும் வைத்தார். இரண்டு முறை வழக்கு, இரண்டு முறை தண்டம். இப்போது அவருடைய முற்றத்தில் தென்னங்கன்றுகள் என் உயரத்துக்கு நின்றன.

அதிகாரிகள் வந்தார்கள். பதவியில் பெரியவர் சிங்களவர், முப்பத்தைந்து வயது இருக்கும், கண்ணியமான முகம். கூட வந்த களப் பணியாளர் தமிழர். முதலில் துரையின் காணி. உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு வந்தார்கள். இது குடியிருப்பு, பிரச்சினை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு எங்களிடம் வந்தார்கள்.

பெரியவர் முட்சுவரைப் பார்த்தார். தன் கைபேசியை எடுத்தார். அதில் சிக்னல் இல்லை. பணியாளருடையதிலும் இல்லை. என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, இதில் வேலை செய்கிறதா, ஒருமுறை பார்க்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தாராளமாக என்று கொடுத்தேன். அந்த மலிவான சாமான் அரச கைபேசிகளை வென்றுவிட்டது என்ற சந்தோஷம்கூட ஒரு கணம் இருந்தது.

அவர் செய்மதிப் படத்தைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் துரையின் காணி, மண்நிறத்தில் ஒரு சதுரம், நடுவில் வெள்ளிப் பொட்டு. இடப்பக்கம் பச்சை. ஒரு கீறல் இல்லாத பச்சை. அதன் ஓரத்தில் நாங்கள் நிற்கிற இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி. அந்தப் பச்சை அப்படியே பின்னால் இருந்த பெருங்காட்டோடு சேர்ந்திருந்தது.

பெரியவர் சிங்களத்தில் நாலு வசனம் சொன்னார். பணியாளர் மொழிபெயர்க்க வாயெடுக்கும் முன்பே நான் அக்காவைப் பார்த்துவிட்டேன். தீர்ப்பை முதலில் அவர் முகத்தில்தான் படித்தேன்.

“அக்கா, சேர் சொல்லுறார்,” என்று தொடங்கினார் பணியாளர்.

“விளங்கினது,” என்றார் அக்கா. “கிணறு இருக்கெண்டு சொல்லுங்கோ. காடு கிணறு வெட்டாது தம்பி.”

கிணறு இருந்தால் அது சாட்சிதான் என்று பெரியவர் ஒத்துக்கொண்டார். எங்கே, காட்டுங்கள் என்றார். அக்கா கையை நீட்டினார். கை முட்சுவரில் போய் நின்றது. உள்ளே போவதென்றால் வழி வெட்ட வேண்டும். பணியாளர் குரலைத் தணித்து, வெட்ட ஏலாது அக்கா, போர்ட் இருக்கு, சேருக்கு முன்னாலை வேண்டாம் என்றார். வெட்டினால் குற்றம். வெட்டாவிட்டால் கிணறு இல்லை. நான் இதை அவர்களுக்கு ஆங்கிலத்தில், ஒழுங்காக, கோபப்படாமல் விளக்கினேன். பெரியவர் முழுவதையும் கேட்டார். தலையசைத்தார். உண்மைதான், சிக்கல்தான் என்றார்.

அக்கா காத்திருக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து முள்ளுக்குள் நுழைந்தார். அறுபது வயது. நாலு முழம் போயிருப்பார், முந்தானை மாட்டிக்கொண்டது. தலைமயிரும் மாட்டிக்கொண்டது. பெரியவர்தான் முதலில் ஓடினார். பாம்பு இருக்கும், அம்மா வெளியே வாங்கோ என்று தனக்குத் தெரிந்த தமிழில் கூப்பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு, இன்னொரு பரிசோதனை கட்டாயம் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். திரையை அப்படியே படமெடுத்து, கோப்பில் சேர்ப்பதற்குத் தன் இலக்கத்துக்கு அனுப்பிக்கொள்ளலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். மரியாதையாகக் கேட்டார். நானும் மரியாதையாகச் சரி என்றேன். அக்காவின் காணி காடு என்பதற்கான சான்று என் கைபேசியிலிருந்து, என் சம்மதத்தோடு போனது. சோற்றுப் பொதியை யாரும் திறக்கவில்லை.

வாகனம் போன பிறகு துரை தன் வேலியில் சாய்ந்து நின்றார்.

“பலகையை வாசிச்ச ஆளுக்குக் காடு, வாசிக்காத ஆளுக்குக் காணி. அண்டைக்கே சொன்னனான் யோகமக்கா. நீங்கள் கேக்கேல்லை.”

அக்கா காரில் ஏறினார்.

கனகராயன்குளச் சந்தியில் ஒரு கடையில் நிறுத்தினேன். இரண்டு பிளேன் ரீ, நேற்றைய றோல்ஸ். அக்காவின் புறங்கையில் முள் கீறிய கோடுகள் காய்ந்திருந்தன. பாதித் தேநீரில் கைநீட்டினார்.

“அந்தப் படத்தை ஒருக்கால் காட்டு.”

காட்டினேன். அவர் பார்த்தது தன் காணியை அல்ல.

“துரையின்ரை குசினி எங்கை?”

தேடினேன். வீட்டுக்குப் பின்னால் இன்று நாங்கள் கண்ட குசினி படத்தில் இல்லை. போன வருடம் பொங்கலுக்குப் பிறகு கட்டியது என்று துரை சொல்லியிருந்தார்.

“அப்ப இது பழைய படம்.”

“ஓம்.”

“இனியும் எடுப்பினமோ?”

“எடுப்பினம் அக்கா. எப்ப எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

தேநீரை முடித்து, கோப்பையைத் தட்டில் சரியாக வைத்துவிட்டு, வீதியைக் கடந்து எதிரேயிருந்த இரும்புக்கடைக்குப் போனார். பத்திரிகைத்தாளில் சுற்றிய இரண்டு காட்டுக்கத்திகளோடு திரும்பி வந்து, அவற்றைப் பின்சீற்றில் போட்டார்.

“காரைத் திருப்பு.”

நான் திருப்பவில்லை. ஏன் கூடாது என்பதை வரிசையாகச் சொன்னேன். பலகை இருக்கிறது. வழக்கு வரும். பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரன், பிடித்தால் திரும்பிப் போவதே சிக்கலாகும். எல்லாவற்றையும் அக்கா கேட்டார்.

“அப்ப நீ காருக்குள்ளை இரு,” என்றார்.

திரும்பிப் போகும்போது கைபேசியை நான் போடவில்லை. கேட்காமலே வழி தெரிந்தது. அக்கா இறங்கி, பலகையைத் தொடாமல், அதைச் சுற்றிக்கொண்டு போய் முதல் சூரைப் பற்றையை அடியில் வெட்டினார். அவர் சொன்னபடி நான் காருக்குள் இருந்தேன். துரை வேலிக்கு வந்தார், பார்த்தார், திரும்பிப் போனார். அக்கா வெட்டியதை இழுத்து ஒருபக்கம் அடுக்கினார். அடுக்கிலும் ஒழுங்கு இருந்தது. ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடம் வந்ததும் நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, எவ்வளவு அகலம் வெட்டினால் மேலையிருந்து தெரியும்?”

திரையில் துரையின் கிணற்றைத் தேடினேன். அவருடைய கிணறு ஒரு கடுகளவுகூடத் தெரியவில்லை. முற்றம்தான் தெரிந்தது.

“கிணறு மட்டும் காணாது அக்கா,” என்றேன். “முற்றமும் வேணும்.”

பின்கதவைத் திறந்து மற்றக் கத்தியை எடுத்தேன்.